எழுதப்படாத ஏழு மணி நேரம்: கடைமுகத்தன்று ஒரு நாகஸ்வரக் கலைஞரின் நினைவு

“டாக்டர், தீர்த்தவாரிக்கு நேரமாயிடுச்சா?”

அவர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். காலை ஒன்பது மணி. இன்னும் நேரமிருக்கு ஐயா, மதியத்துக்கு மேலதான் என்றேன். “அப்ப சரி” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒன்றரை நிமிடம் போயிருக்கும். துண்டு மறுபடி தோளுக்கு ஏறியது. “டாக்டர், தீர்த்தவாரிக்கு நேரமாயிடுச்சா?” அதே குரல், ‘டாக்டர்’ என்பதில் அதே இழுப்பு, பதில் கேட்டதும் துண்டு மறுபடி மடிக்கு. கையிலிருந்த தாளில் கோடு போட ஆரம்பித்தேன். நாற்பது நிமிடத்தில் இருபத்து மூன்று கோடு.

ஐப்பசியின் கடைசி நாள், மயிலாடுதுறையில் கடைமுகம். காவிரிப் படித்துறையான துலாக் கட்டத்துக்கு சுவாமிகள் எழுந்தருளும் நாள் என்பதால் ஊரே தெருவில் இருந்தது. வந்தவர் 63 வயது நாகஸ்வரக் கலைஞர். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஒன்பது வயதில் குருவின் வீட்டுக்குப் போனவர், அன்றிலிருந்து நாயனத்தைக் கீழே வைத்ததில்லை. இதை எழுத அவரும் மகனும் ஒப்புக்கொண்டார்கள். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். “பேரு வேணாம் டாக்டர், வாசிப்பு மட்டும் வரட்டும்” என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

நடந்தது

முதல் நாள் இரவு மகனோடும், தவில் வாசிக்கும் தங்கை மகனோடும் பஸ்ஸில் வந்து, ஆற்றுக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்குக் காவிரியில் இறங்கினார். ராத்திரி முழுக்க மழை, தண்ணீர் சில்லென்று இருந்தது. மூன்று முழுக்குப் போட்டு மேலே வந்தவர் படியில் நின்று, “நாம எப்படா வந்தோம்?” என்று கேட்டார். நேத்து ராத்திரிப்பா என்றார் மகன். வேட்டியைப் பிழிந்து முடிப்பதற்குள் அதே கேள்வி இன்னும் இரண்டு தடவை.

விளையாடுகிறார் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். பிறகு பயம் வந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து காபி கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்றார், இன்னொருவர் ஆற்றங்கரையில் ஏதோ பட்டிருக்கும் என்று திருநீறு பூசினார். மகனுக்கு வேறொரு யோசனை. நாயனத்தை எடுத்து, ஊதும் முனையில் வைக்கும் சீவாளியை நனைத்துப் பொருத்தி, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையில் கொடுத்தார். அவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கி வாசித்தார். திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பலாம், ‘அப்பா நல்லாத்தான் இருக்கார்’ என்று தைரியமாக இருக்கும் என மகன் அதைச் செல்போனில் படம் பிடித்தார். பதினொரு நிமிட வீடியோ.

வாசித்து முடித்து நாயனத்தை மடியில் வைத்த அரை நிமிடத்தில் அவர் கேட்டது வீடியோவின் கடைசியில் பதிவாகியிருக்கிறது: “சீவாளி ஏன்டா ஈரமா இருக்கு?”

அதன் பிறகுதான் கிளம்பினார்கள். கூட்டத்தில் ஆட்டோ நகர்ந்து என்னிடம் வந்தபோது எட்டு ஐம்பது. தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லியாக வேண்டும். இது பக்கவாதமாக இருந்திருந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதில் பெரும்பகுதி திருநீற்றுக்கும் காபிக்கும் அவர் வாசித்த பிலஹரி ராகத்துக்கும் போய்விட்டது. அந்த வீடியோ எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. ஆனாலும் அதை எடுத்திருக்கக் கூடாத நேரத்தில்தான் எடுத்தார்கள்.

பரிசோதனை

ரத்த அழுத்தம் 168/94. அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, அன்று காலை போடவில்லை. சர்க்கரை சரியாக இருந்தது. குடிப்பழக்கம் இல்லை, வெற்றிலை சீவல் மட்டும். தலையில் அடி இல்லை, வலிப்பு வந்ததாக யாரும் பார்க்கவில்லை. கை, கால், முகம், பேச்சு, பார்வை, நடை எதிலும் குறை இல்லை. தன் பெயர், மகன் பெயர், குருவின் பெயர், ஊர் எல்லாம் டாண் டாண் என்று வந்தன. மன அதிர்ச்சியால் வரும் ஒருவகை மறதியில் மனிதர் தான் யார் என்பதையே தொலைத்துவிடுவார். இவர் தன்னைத் தொலைக்கவில்லை. காலத்தைத்தான் தொலைத்திருந்தார்.

தாமரை, சாவி, ரயில் என்று மூன்று சொற்கள் சொன்னேன். உடனே திருப்பிச் சொன்னார். எண்களில் ஆறு இலக்கம் வரை பிடித்தார், ஏழாவது நழுவியது. அந்த வயதுக்கு அது குறையே அல்ல. இடையில் அவர் ஊர்க் கோயிலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவைத்துவிட்டு, நான் சொன்ன மூன்று சொற்கள் என்ன என்றேன். “நீங்க எதுவும் சொல்லலையே” என்றார். அவருக்கு உள்ளுக்குள் தேடும் முகமே இல்லை. ஒரு பூ என்று குறிப்புக் கொடுத்தேன். மல்லிகையா என்றார், மரியாதைக்காக.

தங்கை மகன் அங்கேயே நின்றிருந்தார். அவரிடம், மாமா இதுவரை கேட்டிராத ஒரு சொற்கட்டு சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, “தகதிமி தகஜொணு தகதிமி தகிட” என்று ஆரம்பித்து மூன்று முறை வேறு வேறு இடைவெளி விட்டுச் சொன்னார். பெரியவர் தொடையில் விரல்விட்டு எண்ணியபடி அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், “கடைசித் தகிடவ இழுக்காதடா, எடுப்பு தள்ளிப்போகுது” என்று மருமகனைத் திருத்தினார். பதினைந்து இலக்க எண் ஒன்றைச் சாதாரணமாக யாரும் ஒரே மூச்சில் பிடிக்க முடியாது. ஆறோடு நின்றவர் பதினைந்து அட்சரத்தை மூன்று மடங்காக எப்படிப் பிடித்தார்?

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் எழுதிய பிரபலமான கட்டுரை இதைத்தான் பேசுகிறது. உடனடி நினைவில் ஒரே சமயத்தில் ஏழு சொச்சம் உருப்படிதான் நிற்கும். நாலுதான் என்று பின்னால் வந்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் உருப்படி என்பது எவ்வளவு பெரியது என்பது ஆளைப் பொறுத்தது. எனக்குத் தகதிமி நாலு ஒலி. அவருக்கு அது ஒரு பிடி நெல். நாலு பிடியைக் கையில் வைத்துக்கொள்வது அவருக்குப் பெரிய வேலையில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் உள்ளே போன அறிவு, இன்று காதில் விழுவதைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறது.

ஐந்து நிமிடம் கழித்து மருமகன் அதே சொற்கட்டைச் சொன்னபோது, “புதுசா இருக்கே, யாரு போட்டது?” என்று கேட்டார். திருத்தமும் அதே இடத்தில், அதே சொற்களில் வந்தது.

பின்னோக்கியும் ஒரு பள்ளம் இருந்தது. நவராத்திரிக்கு ஒரு கோயிலில் வாசித்தது நினைவிருந்தது, அங்கே கொடுத்த வேட்டியின் கரை நிறம் உட்பட. தீபாவளி? “இன்னும் வரலையே” என்றார். ஐப்பசி முதல் வாரம் நடந்த பேத்தியின் காதுகுத்து இல்லை. பஸ்ஸில் வந்தது இல்லை. இன்று கடைமுகம் என்பது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கேட்ட வேட்டுச் சத்தத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஊகித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

சி.டி. ஸ்கேன் சுத்தம். மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி.யில் வலிப்பின் அடையாளம் இல்லை. தற்காலிக முழு மறதி, அதாவது டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா என்று எழுதினேன். இந்தப் பெயரை 1958இல் வைத்தவர்கள் மில்லர் ஃபிஷரும் ரேமண்ட் ஆடம்ஸும். 1990இல் ஹாட்ஜஸும் வார்லோவும் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம்: நேரில் பார்த்த சாட்சி வேண்டும், புதியது பதியாமை இருக்க வேண்டும், சுயநினைவும் தன்னறிவும் கெடக்கூடாது, வேறு நரம்புக் குறைபாடோ வலிப்போ அண்மையில் தலையில் அடியோ இருக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் சரியாக வேண்டும். கடைசி நிபந்தனைக்காகக் காத்திருப்பதைத் தவிர செய்வதற்கு அதிகமில்லை. குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்குவது இதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று என்பது மருத்துவ நூல்களில் உள்ளது. கடும் உழைப்பு, மூச்சை அடக்கி அழுத்துவது, மனக் கொந்தளிப்பு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்பதில் மட்டும் இன்னும் வழக்கு தீரவில்லை. மூளையிலிருந்து திரும்பும் ரத்தம் தேங்குவதா, ஒற்றைத் தலைவலியில் பரவுவது போன்ற மின் அலையா என்று இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள்.

வீடியோவில் இருந்தது

அவரை வார்டில் விட்டுவிட்டு அந்தப் பதினொரு நிமிடத்தை முழுவதும் பார்த்தேன். முதலில் கம்பீர நாட்டையில் மல்லாரி. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. சாகித்தியம் கிடையாது, கணக்குத்தான். தங்கை மகன் கையால் தாளம் போட, முதல் காலம், இரண்டாம் காலம் என்று ஒரு இடத்திலும் தடுமாறாமல் முடிந்தது. மகன் முகத்தில் வந்த நிம்மதி குரலிலேயே தெரிகிறது.

பிறகு, காலை நேரமல்லவா, அவராகவே பிலஹரியை ஆலாபனையாக எடுத்தார். எனக்கு சங்கீதம் கேள்வி ஞானம்தான், ஆனாலும் அந்த எடுப்பு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கீழே நின்று, நிதானமாகப் படி ஏறி, மேல் ஷட்ஜத்தில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கி வந்தார். இறங்கியவர் முடிக்கவில்லை. மறுபடி கீழிருந்து அதே எடுப்பு. மறுபடி ஏறி, மேல் ஷட்ஜம், இறக்கம். மூன்றாவது முறையும் அதே இடத்தில் தொடங்கினார்.

“அப்பா ஒரு பிடியை ரெண்டு தடவை வாசிக்க மாட்டார் டாக்டர். அதுக்காக எங்கள அடிச்சிருக்கார்” என்றார் மகன், மூன்றாவது எடுப்பு வந்தபோது. அவர்தான் அதை முதலில் கண்டுபிடித்தார், நானில்லை.

நினைவு ஒன்றல்ல, பல என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பை நிறுத்த மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் ஸ்கோவில் நீக்கினார். அதன் பிறகு அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை; 2008இல் இறக்கும்வரை அப்படித்தான். அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றைக் கோட்டுக்குள் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் இதை முதல் முறையாகச் செய்வதாகவே மொலைசன் நினைத்தார். கைப்பழக்கம் போய்ச் சேரும் இடம் வேறு, நிகழ்ச்சி போய்ச் சேரும் இடம் வேறு என்பது அன்று தெரிந்தது.

பாடப்புத்தகம் அதோடு நிற்கிறது. இவருடைய வீடியோ ஒரே கருவியில், ஒரே மூச்சில் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியது. மல்லாரி கயிறு போல. ஒரு முடிச்சு அடுத்த முடிச்சைத் தானே இழுத்துக்கொண்டு வரும். எங்கே இருக்கிறோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அதைச் சுமப்பவை மூளையின் அடியில் இருக்கும் பேசல் கேங்லியா, சிறுமூளை, அசைவுப் புறணி ஆகியவை. ஆலாபனை அப்படியல்ல. ராகத்தின் இலக்கணம் பழையதுதான், அது பத்திரமாக இருந்தது. ஆனால் ‘எதைச் சொல்லிவிட்டேன், எதை இன்னும் சொல்லவில்லை’ என்ற கணக்கு இரண்டு நிமிடத்துக்கு முன் நடந்ததைப் பற்றியது. அந்தக் கணக்கை எழுத ஏடு இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை இறங்கும்போதும், தான் இன்னும் ராகத்தை ஆரம்பிக்கவேயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

நாற்றங்கால்

பதினொன்றேகால் வாக்கில் அவர் முதன்முறையாக வேறு கேள்வி கேட்டார். “இது எந்த ஆஸ்பத்திரி?” சொன்ன பதில் நின்றது. பிறகு காதுகுத்து வந்தது. அரை மணி கழித்துத் தீபாவளி, பேரன் சுட்டுக்கொண்ட விரல், எல்லாம். பழையதிலிருந்து புதியதை நோக்கிப் பள்ளம் தூர்ந்துகொண்டே வந்தது. பழைய நினைவு உறுதி, புதியது பலவீனம் என்று பிரெஞ்சுக்காரர் ரிபோ 1881இலேயே எழுதியது வார்டில் கடிகார முள்ளோடு நடந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு முழுத் தெளிவு. பஸ், உறவினர் வீடு, ஆற்றுப்படி வரை வந்தாயிற்று. “முதல் முழுக்கு ஞாபகமிருக்கு. ரெண்டாவது இல்லை” என்றார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் ஒன்றுமில்லை.

மகன் கேட்டார்: அஞ்சு வாரம் திரும்பி வந்ததே, அந்த ஏழு மணி நேரம் மட்டும் ஏன் வரலை?

நல்ல கேள்வி. நான் அவருக்குச் சொன்ன பதில், வெளியே வயலைப் பார்த்தபடி வாயில் வந்தது. நாற்றங்காலில் விதை தெளிக்கிறோம். இருபத்தைந்து நாளில் நாற்றைப் பறித்து வயலில் நடுகிறோம். ஹிப்போகாம்பஸ் நாற்றங்கால். மூளையின் மேற்பரப்பான புறணி வயல். பார்த்தது, கேட்டது, இடம், நேரம் என்று சிதறிக் கிடப்பதை ஒன்றாகக் கட்டி முதலில் முளைக்க விடுவது ஹிப்போகாம்பஸின் வேலை. பிறகு நாள்கணக்கில், மாதக்கணக்கில், பெரும்பாலும் தூக்கத்தில், அது வயலுக்கு மாறுகிறது. அவர் குரு சொல்லிக்கொடுத்த மல்லாரியும் 1970களின் கச்சேரிகளும் நடவு முடிந்து எப்போதோ வேர் பிடித்தவை. தீபாவளியும் காதுகுத்தும் இன்னும் நாற்றங்காலில் நின்றவை. அன்று காலை நாற்றங்காலில் தண்ணீர் ஏறிவிட்டது. நாற்று மூழ்கியது, கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அழுகவில்லை. மதியம் தண்ணீர் வடிந்ததும் தலை காட்டியது. அந்த ஏழு மணி நேரத்து விதை? தண்ணீர்மேல் தெளித்த விதை அது. தரையைத் தொடவேயில்லை.

மகன் தலையாட்டினார். விவசாயமும் பார்க்கிறவர், என் உவமையின் ஓட்டையையும் உடனே பிடித்தார். “பறிச்சு நட்டப்புறம் நாத்தங்கால்ல ஒண்ணும் இருக்காதே டாக்டர்?” உண்மை. மூளையில் அப்படி இல்லை. நேரில் வாழ்ந்த விவரங்களோடு ஒரு நிகழ்ச்சியை எடுத்துப் பார்க்க எத்தனை வருடமானாலும் ஹிப்போகாம்பஸ் தேவை என்று 1997இல் நாடலும் மாஸ்கோவிச்சும் வாதிட்டார்கள்; அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

‘பதிவது’ என்ற சொல் செல்லுக்குள் என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973இல் பிளிஸ், லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் ஒரு நரம்புப் பாதையை வேகமாகத் தட்டிவிட்டால், அந்த இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருப்பதைக் காட்டினார்கள். இரண்டு செல்கள் ஒன்றாகக் கிளர்ந்தால்தான் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற மதகு திறக்கும். கால்சியம் உள்ளே பாயும். அடுத்த தடவை அதே சமிக்ஞையை அதிகமாகக் கேட்கும்படி இணைப்பு மாறும். அது நாள்கணக்கில் நிலைக்கப் புதிய புரதம் உருவாக வேண்டும். கடல் நத்தையை வைத்து இதன் படிகளைத் துலக்கிய எரிக் கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த வேலை நடக்கும் முக்கிய இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸில் சி.ஏ.1 என்ற பட்டை. மூளையில் நெருக்கடியை எளிதில் தாங்காத செல்கள் உள்ள இடங்களிலும் அது ஒன்று.

அன்று மாலை எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை. இதில் வியப்பில்லை, இந்த நோயில் புள்ளி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் முகம் காட்டும். மூன்றாம் நாள் காலை மறுபடி எடுத்தோம். இடப்பக்க ஹிப்போகாம்பஸில், சி.ஏ.1 பட்டையில், சுமார் 3 மி.மீ. அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. படத்தை அவரிடம் காட்டினேன். “கடுகு மாதிரி இருக்கு” என்றார். “இதுவா இவ்வளவு பண்ணுச்சு?” அந்தப் பொட்டு காரணமா, நடந்ததன் தழும்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். சில மாதங்களில் தடயமின்றி மறைந்துவிடும். இது மறதி நோயின் தொடக்கமும் அல்ல, பக்கவாதத்தின் முன்னறிவிப்பும் அல்ல. வீட்டில் எல்லாரும் பயந்தது அதற்குத்தான்.

நாயனம் வாசிக்கலாமா? ஊதும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறதே? யோசித்தேன். ஐம்பத்து நான்கு வருடமாக ஊதுகிறவர்; ஒரு முறைதான் வந்திருக்கிறது, அதுவும் ஊதும்போது அல்ல. நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அழுத்த மாத்திரையைத் தவறவிடாதீர்கள், விடியற்காலைக் குளிர்நீரில் திடீரென்று முழுகாதீர்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

படித்துறைக்குத் திரும்பியது

பத்து நாள் கழித்து வீட்டார் அவரை மறுபடி துலாக் கட்டத்துக்குக் கூட்டிப்போய், அதே படியில் நிற்க வைத்திருக்கிறார்கள். இடத்தைப் பார்த்தால் ஞாபகம் வரும் என்ற நம்பிக்கை. நம்பிக்கை அசட்டுத்தனம் அல்ல. ஸ்காட்லாந்தில் 1975இல் காடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களுக்கு நீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியல் கொடுத்துப் பார்த்தார்கள். நீருக்குள் கற்றது நீருக்குள்ளும், கரையில் கற்றது கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தது. சூழல் ஒரு சாவி. கொல்லைக் கிணற்றடியில் நின்றால்தான் நினைவுக்கு வரும் விஷயங்கள் நம் எல்லாரிடமும் உண்டு. ஆனால் சாவி வேலை செய்யப் பெட்டிக்குள் ஏதாவது இருக்க வேண்டும். படியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, “பாசி வழுக்குது, போலாம்” என்று வந்துவிட்டார்.

பேச்சில் இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்: மறந்துபோச்சு. சாவியை எங்கே வைத்தோம் என்பது பெரும்பாலும் மறந்துபோவதில்லை. வைக்கும்போது கவனம் வேறெங்கோ இருந்ததால் பதியவேயில்லை. பள்ளித் தோழன் பெயர் நாக்கு நுனியில் நிற்பது வேறு. அது உள்ளே இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் ‘ஞாபக மறதி’ என்று வருகிறவர்களில் பலருக்கு நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றியும் கவலையைப் பற்றியும்தான். அவர்களுடைய நெல் களஞ்சியத்தில் குறைவதில்லை, களத்திலேயே சிந்துகிறது.

மூன்று மாதம் கழித்து

மாசி மாதம் மறுபரிசீலனைக்கு வந்தார். சோதனைகள் எல்லாம் சரி. மூன்று சொற்களும் பத்து நிமிடம் கழித்துத் தானாக வந்தன. கிளம்பும்போது நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, “டாக்டர், ஒரு நல்ல சேதி” என்றார். “அன்னிக்குக் காலைல நடந்தது வந்துடுச்சு.”

கேட்டேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தது. மல்லாரி. பிறகு பிலஹரி எடுத்தது. அதை நிதானமாக மேலே கொண்டுபோய், மேல் ஷட்ஜத்தில் நிறுத்தி, இறக்கி முடித்தது. “பின்னாடி மதில் மேல ஒரு பூனை போச்சு, சாம்பல் நிறம். நான் அசரலை, வாசிச்சுட்டே இருந்தேன்.” கண் மூடிச் சொன்னார். பொய் சொல்பவரின் முகம் அல்ல அது. நானும் அப்படி நினைக்கவில்லை.

பூனை வீடியோவில் இருக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால்.

மகனைப் பார்த்தேன். பதினொரு நிமிடத்தையும் அவர் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது இரண்டு நிமிடத் துண்டுதான் என்றார் மகன். மல்லாரியின் கடைசிச் சுற்று, முதல் பிலஹரி. அத்தோடு வெட்டியாயிற்று. பொங்கலுக்கு வந்த உறவுகள் எல்லாரும் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு அன்றைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் நினைவுக்கு வந்ததாகச் சொன்னதில் ஆலாபனை ஒன்றுதான். மூன்றல்ல. துண்டில் எது இருந்ததோ, அதுவே நினைவிலும் இருந்தது. அவர் நினைவு கூர்ந்தது கடைமுகத்துக் காலையை அல்ல, பொங்கலன்று பார்த்த வீடியோவை. பார்த்தபோது ஹிப்போகாம்பஸ் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பார்த்ததைத் தொடை, நாயனம், குளிர், கல்லின் சொரசொரப்பு என்று தனக்குத் தெரிந்த எல்லாவற்றோடும் கட்டி, ஒழுங்காகப் பதிந்து வைத்துவிட்டது. இது அவருக்கு மட்டும் நடப்பதல்ல. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், விபத்துப் படம் பார்த்தவர்களிடம் கார்கள் ‘மோதின’ என்பதற்குப் பதிலாக ‘நொறுங்கின’ என்று கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். நினைவு எடுக்கப்படும்போதெல்லாம் மறுபடி கட்டப்படுகிறது. கல் கிடைக்காத இடத்தில் அக்கம்பக்கத்துச் செங்கல்லை வைத்துக் கட்டுகிறது.

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். அவர் சந்தோஷமாக இருந்தார். ஆனால் என்னிடம் ‘நடந்தது வந்துவிட்டதா’ என்ற கேள்வியோடுதான் வந்திருக்கிறார். அதற்கு ஆமாம் என்றால் அது வைத்தியம் அல்ல. முழு வீடியோவைப் போடச் சொன்னேன்.

மல்லாரிக்குத் தொடையில் தாளம் போட்டார். பிலஹரி எடுப்புக்குத் தலை அசைந்தது. பூனை போனபோது என்னைப் பார்த்துச் சிரித்தார், பார்த்தீர்களா என்பதுபோல. இறக்கம் வந்தது. மறுபடி கீழிருந்து எடுப்பு. கை நின்றது. மூன்றாவது எடுப்பு வந்தபோது போனைக் கையில் வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டார்.

“இது எனக்குத் தெரியாது” என்றார்.

சீவாளி ஈரத்தைப் பற்றி அவர் கேட்கும் இடம் வரை ஓடி முடிந்தது. பிறகு முதல் எடுப்பில் காந்தாரத்தைக் கொஞ்சம் அவசரமாக விட்டிருப்பதாகவும், மூன்றாவதில்தான் அது சரியாக நின்றிருப்பதாகவும் மகனிடம் சொன்னார். நானும் போனை வாங்கி இரண்டையும் மறுபடி கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வீடியோவை அழித்துவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம், தேதி, நேரத்தோடு அப்படியே இருக்கட்டும், எப்போதாவது மறுபடி வந்தால் பார்க்கிற மருத்துவருக்கு உதவும் என்றேன். பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகனுக்குப் போன் செய்து அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன அந்தச் சொற்கட்டு என்ன என்று கேட்டபடி வெளியே போனார்.